பூட்டிக் கிடக்கும் ஆறு ஷட்டர்: எங்கள் தெருக் கடைக் கட்டடத்துக்கு என்ன வழி?

கீழ்த்தெரு

மத்திய வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்கும் தெரு ஒன்றில் இரண்டு மாடிக் கடைக் கட்டடம் ஒன்று சும்மா கிடக்கிறது. தெருவின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. திருகோணமலை டவுன் ஆட்களுக்கு இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும், ஆனால் உரிமையாளர் குடும்பத்தின் பெயரை இங்கே யாரும் இழுக்க வேண்டாம்.

கீழே வரிசையாக ஆறு ஷட்டர், மேலே ஒரே மண்டபம். ஒரு காலத்தில் புடவைக்கடை, ஹாட்வெயார், ஸ்டூடியோ, வெளிநாட்டுக் கோல் எடுக்கும் கொமினிக்கேஷன் எல்லாம் ஓடின. ஒவ்வொன்றாக மூடி, கடைசியாக இருந்த கடையும் 2022 பொருளாதார நெருக்கடியில் போனது. இப்போது முன் விறாந்தையில் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து படுக்கின்றன, சுவரில் ஒட்டும் போஸ்டரைக் கிழித்துத் தின்கின்றன. அது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாரிக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து மேல்தட்டில் தேங்கிய தண்ணீரில் கூத்தம்பிகளை, அதாவது நுளம்புக் குடம்பிகளை, காட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். 2017 டெங்கு இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று தெரியும்தானே. பக்கத்து வீடுகளில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உரிமை நாலு சகோதரங்களுக்கு. ஊரில் இருக்கிற ஒருவரோடு பேசினேன். "நல்ல யோசனை ஒன்றைக் கொண்டு வாங்கோ, மற்ற மூன்று பேரோடும் நான் கதைக்கிறேன்" என்றார். விற்கமாட்டார்கள், இடிக்கமாட்டார்கள், சாராயக்கடைக்கு விடமாட்டார்கள். மற்றபடி எதையும் கேட்கத் தயார். இந்த இழையில் பதில் போட்டுச் சொல்லுங்கள்.

கச்சான்காத்து

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொழும்பில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பொலிஸ் நிலையமாகக் கிடந்த கட்டடம் 2011 இல் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாக மாறியது. இப்போது கொழும்புக் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வருவதில்லை. நமக்குக் கடல் இருக்கிறது, கோணேசர் இருக்கிறார், புறாத்தீவு இருக்கிறது. கீழே கோப்பிக்கடை, கைப்பணிக் கடை. மேலே கடல் தெரிய உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம். சுவரில் பழைய துறைமுகப் படங்கள். வெள்ளைக்காரன் வரிசையில் நிற்பான்.

சோலைவரி

வரிசையில் நிற்பான், நிலாவெளியில்.

தம்பி, கோபிக்க வேண்டாம். ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி அரசாங்கக் கட்டடம். நகர அபிவிருத்தி அதிகார சபை காசு போட்டுத் திருத்தியது. சுற்றிவர பெரிய ஹோட்டல், வங்கித் தலைமையகம், மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வர ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர். இங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறது, உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் கால மாளிகை. 2013 இல் கடற்படை, கடல்சார் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அழகான வேலை. அதுவும் அரசாங்கத்தின் கையால்தான் நடந்தது. நாலு சகோதரங்களின் கடைக் கட்டடத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அடுத்தது சீசன். மே தொடங்கிப் புரட்டாதி வரை ஆட்கள் வருவார்கள். அவர்களும் உப்புவெளி, நிலாவெளியில் தங்கிவிடுவார்கள். டவுனுக்கு வருவது கோயில் பார்க்க. பஸ் கோட்டை வாசலில் நிற்கும், மேலே ஏறுவார்கள், இறங்குவார்கள், தேங்காய்ப்பூக் கீரையா வாங்கப் போகிறார்கள்? திரும்பிவிடுவார்கள். வாடைக்காற்று தொடங்கினால் கடற்கரையில் நாயும் இல்லை. வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும்.

சும்மா கிடக்கும் சொத்து என்றால் இந்த மாவட்டத்தை வெல்ல ஆளில்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கி. அதை யாருக்கு எத்தனை என்று பிரித்து ஒப்பந்தம் போட 2022 ஆகிவிட்டது. கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் மரம் முளைத்தே பல வருடம். ஆகவே உங்கள் ஆறு ஷட்டர் ஒன்றும் பெரிய சாதனை இல்லை கீழ்த்தெரு.

ஜமாலியா நானா

அந்தத் தெரு ஏன் விழுந்தது என்று முதலில் பேசுவோம். நான் அந்தப் பக்கம் சாமான் எடுத்து வியாபாரம் செய்தவன்.

குடாவின் மறுகரையில் உள்ள மூதூர் ஆள் டவுனுக்கு வருவதென்றால் முன்பு போட்டில் வந்து ஜெற்றியில் இறங்க வேண்டும். இறங்கினால் நடந்து வருவான். வழியில் புடவை, ஆணி, மருந்து, பிளேன்டீ எல்லாம் முடித்து, மத்தியானப் போட்டைப் பிடிக்கத் திரும்பி நடப்பான். அந்தக் கால்நடைதான் இந்தத் தெருக்களின் வாழ்வு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர், ஊரே போய்ப் பார்த்தது. பிறகு கங்கை, உப்பாறு, இறால்குழிப் பாலங்களும் வந்தன. பஸ் நேராகப் பஸ் நிலையத்தில் இறக்குகிறது. ஆள் அங்கேயே சாமானை வாங்கி அங்கேயே ஏறுகிறான். பாலம் கூடாது என்று சொல்லவில்லை, அல்லாஹ் காக்க, பிரசவ வலியோடு ஆறு கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருந்த ஊர் அது. ஆனால் ஜெற்றிப் பக்கக் கடைக்கு அன்றோடு கதை முடிந்தது.

ஆகவே மறுபடி ஆறு கடை போட்டால் மறுபடி ஆறும் மூடும். வழிப்போக்கனை நம்புகிற தொழில் வேண்டாம். ஆள் தேடி வருகிற தொழில் வேண்டும். மொத்த வியாபாரமும் சரிவராது, லொறி திரும்ப அங்கே இடமில்லை.

கச்சான்காத்து

நானா, ஆள் தேடி வருகிற தொழில் என்றால் ரியூசன், டிஸ்பென்சரி, சலூன். மூன்றும் ஏற்கெனவே எல்லாச் சந்தியிலும் இருக்கிறதே?

ரியூசன் மாஸ்டர்

இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது? தகரக் கொட்டிலில் அறுபது பிள்ளை. மே, ஜூனில் கச்சான் காற்று அடிக்கும்போது உள்ளே நிற்க முடியாது. அந்த மேல் மண்டபம் எனக்குத் தெரியும், கடற்காற்று நேராக வரும். உயர்தர வகுப்புக்கு அதைத் தாருங்கள், வாடகை ஒழுங்காகத் தருவேன். பகலில் வகுப்பு இல்லாத நேரம் பிள்ளைகள் இருந்து படிக்கவும் விடலாம். புத்தக அலுமாரிகள் சிலவற்றையும் வைத்தால் நூலகம் போல ஆகிவிடும்.

கொத்துக்கரண்டி

மாஸ்டர், மன்னிக்க வேண்டும், மேலே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன், அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தும் இருக்கிறேன்.

முதலாவது படி. மேலே போக ஒரே ஒரு படிதான். அதுவும் முன்பக்கம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். கீழே ஒரு கடையில் கரண்டு ஷோட்டாகிப் புகை வந்தால் அந்தப் புகை முதலில் ஏறுவது இந்தப் படியால்தான். அறுபது பிள்ளையை மேலே வைத்துவிட்டு நான் இரவில் தூங்கமாட்டேன். பின்பக்கம் இரும்புப் படி ஒன்று போட்டால் பேசலாம். பின்னால் கிணற்றடிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

இரண்டாவது பாரம். இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. கடைக்கென்று முறையாக வடிவமைத்த தட்டு என்றால், நாங்கள் பாவித்த பிரித்தானிய நியமப்படி சதுர மீற்றருக்கு 4 கிலோநியூட்டன், அதாவது சுமார் 400 கிலோப் பாரம், தாங்க வேண்டும். வகுப்பறைக்கு 3 போதும், அலுவலகத்துக்கு 2.5, வீட்டுக்கு 1.5. ஆகவே கடையை அலுவலகமாக, வகுப்பாக, தங்கும் அறையாக மாற்றுவது தட்டுக்குப் பெரிய பாரம் இல்லை. ஆனால் புத்தகம் வேறு கதை. நெருக்கமாக அடுக்கினால் ஒரு மீற்றர் உயரத்துக்கு 2.4 என்று கணக்கு, குறைந்தது 6.5. கடைத்தட்டு அதற்குப் போதாது. சுவரோரம் ஒன்றிரண்டு அலுமாரி பரவாயில்லை. நூலகம் என்றால் கீழே வையுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான வியாதி. கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரம். முன் விறாந்தையில் இடமிருந்து இரண்டாவது தூணை ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கொங்கிறீற் "டிங்" என்று திருப்பி அடிக்கும். அது "டொக்" என்கிறது, உள்ளே பிரிந்துவிட்டது. மூலையில் மேலிருந்து கீழே நேர்கோடாக ஒரு வெடிப்பு, அதற்குள் காவி நிறக் கறை. கம்பி துருப்பிடித்து வீங்கினால் அப்படித்தான் வெடிக்கும், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டார்களோ தெரியாது, உப்புக்காற்று மட்டுமே காரணம் என்றாலும் மருந்து ஒன்றுதான். யாரோ அதன்மேல் சீமெந்து பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அது காயத்துக்கு மேல் பவுடர் போட்ட மாதிரி. பழுதான கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பிறகுதான் மூட வேண்டும். கொத்தும்போது மேலே முண்டு கொடுக்காமல் கை வைக்கவே கூடாது. எல்லாத் தூணும் பார்த்து, பொறியியலாளர் ஒருவரின் எழுத்து கையில் வந்த பிறகுதான் கோப்பியா தோசையா என்று பேச வேண்டும்.

கூரையில் அஸ்பெஸ்டாஸ் சீற். உடைத்து எறிய வேண்டாம், கழற்றுவதென்றால் நனைத்துக் கழற்றுங்கள்.

கீழ்த்தெரு

அந்தத் தூணில்தான் இவ்வளவு நாளும் சாய்ந்து நின்று கதைத்திருக்கிறோம்! நன்றி அண்ணா. உள்ளே இன்னொரு பிரச்சினையும் கண்டேன். கடை ஒவ்வொன்றும் ஒடுங்கி நீளமானது. இரண்டு பக்கமும் சுவர், வெளிச்சம் முன்னால் மட்டும். பத்தடி உள்ளே போனால் பகலிலும் லைற் வேண்டும்.

கொத்துக்கரண்டி

அதற்கு வழி இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு கடைகளின் பின்பாதி ஒற்றைத் தட்டு, அதற்கு மேல் மண்டபம் இல்லை, சீற்தான். அந்தச் சீற்றைக் கழற்றி, இடைச்சுவரையும் எடுத்தால் நடுமுற்றம் கிடைக்கும். நம் நாற்சார் வீட்டு முறைதான். காற்று முன்னால் வந்து முற்றத்தால் மேலே போகும், சுற்றியுள்ள அறைகளுக்கு வெளிச்சமும் வரும். அந்த இடைச்சுவர் பாரம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு மட்டும். மழைத்தண்ணீர் ஓடக் கான் சரியாக வெட்டாவிட்டால் பி.எச்.ஐ. திரும்ப வருவார்.

தையல்மெஷின்

நானும் சொல்லலாமா? நாங்கள் ஐந்தாறு பெண்கள், வீட்டில் இருந்து தைக்கிறோம். பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, ஆனால் தைத்து எடுக்க வேண்டியது தாய்மார்தானே. பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் சாறிச் சட்டை, திரைச்சீலை, கோயில் திருவிழா வந்தால் பாவாடை தாவணி. ஆட்கள் எங்களைத் தேடி வருகிறார்கள், நானா சொன்ன மாதிரி. ஆனால் வீட்டுக்குள் வர எல்லோருக்கும் கூச்சம். அளவெடுக்க ஒரு மறைவு வேண்டும், வெட்டுவதற்கு நீள மேசை வேண்டும். என் வீட்டில் வெட்டு மேசையும் சாப்பாட்டு மேசையும் ஒன்று.

எங்களுக்கு ஆறு ஷட்டர் வேண்டாம், ஒன்று போதும். பக்கத்து ஷட்டரில் தைக்க வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் இருந்தால் இன்னும் நாலு பேர் வேலைக்கு வருவார்கள். கடைக்குள் வர ஒரேயடியாகக் கொடுக்கும் கீ மணி என்று இலட்சக்கணக்கில் கேட்டால் மட்டும் எங்களால் முடியாது. மாதாமாதம் தருவோம்.

ஜமாலியா நானா

தங்கச்சி சொல்வது சரி. அதோடு தம்பலகாமத்து அரிசி, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் இரண்டுக்கும் ஒரு ஷட்டர் தாருங்கள். தயிர்ச்சட்டியை வெயிலில் ரோட்டோரம் வைத்து விற்கிறார்கள். நிழலும் ஒரு பிரிட்ஜும் இருந்தால் டவுன் ஆள் தேடி வருவான்.

வாடியில் இருந்து

ஏன் யாரும் மீனைப் பேசவில்லை? குளிர் அறை ஒன்று போட்டால் பாரை, சூரை எல்லாம் விலை ஏறும் வரை வைக்கலாம். கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வருகிற வயிற்றெரிச்சல் எங்களுக்குத்தான் தெரியும்.

கீழ்த்தெரு

அண்ணா, தேவை என்பது சரி, இந்தக் கட்டடத்தில் வேண்டாம். அடுத்த சுவர் எங்கள் வீட்டுச் சுவர். இரவு முழுக்கக் கொம்பிரசர் ஓடும், மீன் கழுவிய தண்ணீர் தெருக் கானில் போகும்.

கொத்துக்கரண்டி

உப்பில் செத்துக்கொண்டிருக்கும் தூணுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவதா? நானும் வேண்டாம் என்கிறேன்.

வாடியில் இருந்து

சரி சரி. மீன் சாப்பிட மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

பனிநாட்டுப் பேரன்

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இந்தக் கட்டடம் எங்களுடையது இல்லை, ஆனால் என் தாத்தாவின் கடை ஒன்றும் இதே டவுனில் பூட்டித்தான் கிடக்கிறது. "வெளிநாட்டில் இருந்துகொண்டு பூட்டி வைத்திருக்கிறார்கள்" என்று ஊரில் பேசுவது காதில் விழுகிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

பயம்தான். 1972 வாடகைச் சட்டம் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார்: ஒருவனை உள்ளே விட்டால் எழுப்ப முடியாது, பழைய வாடகையிலேயே பேரன் காலம் வரை இருப்பான். அதற்குப் பிறகு சண்டைக் காலம். போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வேறு யாரோ குடியிருக்கும் கதைகள். பத்து வருடம் இருந்தால் சொந்தம் கொண்டாடலாம் என்ற பழைய சட்டம். வாடகை வந்து நாங்கள் பணக்காரர் ஆகப்போவதில்லை, இருப்பது போகாமல் இருந்தால் போதும் என்ற மனநிலை. பூட்டு மலிவு, வழக்கு விலை.

நொத்தாரிசு மேசை

காணி உறுதி, குத்தகை எழுதும் நொத்தாரிசு அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கிறேன். சட்ட ஆலோசனை என்று எடுக்காமல், உங்கள் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று எடுங்கள்.

பத்து வருடக் கதை 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வருவது. ஆனால் குத்தகை எழுதி உள்ளே வந்தவர், உரிமையாளர் நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு வந்தவர். அவர் பிறகு "என்னுடையது" என்று சொல்லி வெல்வது லேசான காரியம் இல்லை. எழுத்தே இல்லாமல் "பார்த்துக்கொள் தம்பி" என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. நம் ஆட்கள் அதைத்தான் செய்வார்கள், எழுதக் கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று கோபிப்பார்கள். சண்டைக் காலத்தில் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் தனிச் சட்டமும் வந்தது, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் இருந்து கழிப்பதற்கு. வாடகைச் சட்டம் எல்லாக் கட்டடத்தையும் பிடிக்காது. இது எதற்குள் வருகிறது என்று காணி உறுதியையும் உள்ளூராட்சி சபையின் வரிப் பதிவையும் வைத்துத்தான் சொல்லலாம்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும், 1840 இல் இருந்து அதுதான் சட்டம். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்து வைத்தது நீதிமன்றத்தில் நிற்காது. நாலு சகோதரங்களும் ஒப்பமிட வேண்டும். ஒருவர் தன் பிரிபடாத பங்கை மட்டும் குத்தகைக்கு விடலாம்தான், ஆனால் அவருடைய பங்கு எந்த ஷட்டர் என்று யார் காட்டுவது? வெளிநாட்டில் உள்ளவர்கள், தங்களுக்காக ஒப்பமிட ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்தை அங்குள்ள தூதரகத்தில் எழுதி அனுப்பலாம். அதில் "குத்தகைக்கு விட" என்று மட்டும் எழுதுங்கள், "விற்க" என்ற சொல் வரவே வேண்டாம். அது இருந்தால் மற்றவர்கள் ஒப்பமிடப் பயப்படுவார்கள்.

கடையை வேறு பாவனைக்கு மாற்ற, சுவர் உடைக்க, சபையிடம் அனுமதி எடுக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் அதைக் கேட்கிறது. முற்றம் வெட்டிய பிறகு போய் நிற்காதீர்கள்.

சோலைவரி

நாலு பேரும் ஒப்பமிடுவதற்குள் தூண் விழுந்துவிடும்.

பனிநாட்டுப் பேரன்

இல்லை அண்ணா, எங்கள் வீட்டில் தடையாக இருப்பது ஒப்பம் இல்லை, யோசனையின் பருமன்தான். "ஹோட்டல் கட்டுவோம்" என்று வருகிறார்கள், அம்மா பயந்துவிடுவார். ஒரு தையல் கடை, ஒரு வருடம், எழுத்தில் என்று யாராவது கேட்டிருந்தால் எப்போதோ விட்டிருப்போம்.

கீழ்த்தெரு

ஊரில் உள்ளவரிடம் இந்த இழையைக் காட்டினேன். முழுவதும் வாசித்தார். தூண் விஷயத்தில் முகம் மாறியது. இப்போதைக்கு வலப்பக்க இரண்டு ஷட்டரை மட்டும் திறக்கச் சம்மதம். அந்தப் பக்கத் தூண்களைப் பொறியியலாளர் பார்த்த பிறகு, ஒரு வருடக் குத்தகை, மற்ற மூவரின் அற்றோர்ணித் தத்துவமும் வந்த பிறகு. கீ மணி வேண்டாம், மூன்று மாத அட்வான்ஸ். மேல் மண்டபத்தைப் பின்படி போடும் வரை பூட்டியே வைக்கலாம் என்றார். மாஸ்டருக்கு ஏமாற்றம்தான்.

இழுபறி ஒன்று: திருத்தக் காசு யார் போடுவது? குத்தகைக்காரர் போட்டு வாடகையில் கழிக்கட்டும் என்கிறார்.

கொத்துக்கரண்டி

தூணும் கூரையும் உரிமையாளர் செலவு. பெயின்ற், வயரிங் பொயின்ற், தடுப்புப் பலகை குத்தகைக்காரர் செலவு. ஒரு வருடத்துக்கு வருகிற பெண்கள் தலையில் இருபது வருடத் துருவைக் கட்டாதீர்கள்.

நொத்தாரிசு மேசை

எதைக் கழிப்பது, எவ்வளவு வரை, குத்தகை முடிந்தால் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாமா, மூன்றையும் குத்தகை உறுதியிலேயே எழுதுங்கள். எங்களிடம் வரும் சண்டைகளில் பாதி இந்த மூன்றாவதில்தான்.

கச்சான்காத்து

அப்போது கோப்பிக்கடை?

ஜமாலியா நானா

தயிர்க்கடையில் பிளேன்டீயும் போடச் சொல்வோம், வா.

தையல்மெஷின்

எல்லோரும் தூண், உறுதி என்று கதைக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன் கீழ்த்தெரு அண்ணா. பின்னால் கழிப்பறை இருக்கிறதா, கதவு உள்ளே பூட்டுமா, தண்ணீர் வருமா? ஆறு பெண்கள் காலையில் இருந்து பின்னேரம் வரை அங்கே இருக்கப் போகிறோம். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு வாடகையைப் பேசுவோம்.

கீழ்த்தெரு

கழிப்பறை இருக்கிறது அக்கா. கதவு இல்லை. பைப் லைன் வெட்டிக் கிடக்கிறது, கிணற்றில் தண்ணீர் உண்டு. கதவையும் தண்ணீரையும் உரிமையாளர் பக்கச் செலவில் முதல் வரியாகச் சேர்த்துவிட்டேன்.